வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: விசாவுக்கு முன்னால் வாங்க வேண்டிய கையெழுத்துகள்

ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் இயற்பியல் படித்து, எழுதிய தேர்வு எல்லாவற்றிலும் தேறித் திரும்புகிறார் ஒரு மாணவி. அதே செமஸ்டருக்கு அவருடைய கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில் வரிசையாக ‘ஆப்சென்ட்’ என்று இருக்கிறது. ஐந்து தாள், ஐந்து அரியர். தேர்வுக் கன்ட்ரோலர் அலுவலகத்தில் கேட்டால், “இங்கே நீங்க பரீட்சையே எழுதலையேம்மா” என்கிறார்கள். துறைத் தலைவரிடம் போனால், “போய்ட்டு வான்னு நான்தானே சொன்னேன்” என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எழுதித் தரவில்லை. இவரும் கேட்டு வாங்கவில்லை.

தமிழ்நாட்டு அறிவியல் மாணவர்களிடம் இந்தக் கதை வேறு வேறு ஊர்ப் பெயரோடு திரும்பத் திரும்ப வருகிறது. விசா கிடைக்குமா, குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா என்று குடும்பமே கூடி யோசிக்கிறது. அங்கே எடுக்கும் பாடம் இங்கே எந்தத் தாளுக்கு ஈடு என்று கேட்பார் இல்லை. இவர்களுடைய செமஸ்டர் பெரும்பாலும் வீணாவது தூதரகத்தின் ஜன்னலில் அல்ல. தங்கள் கல்லூரியின் அலுவலக அறையில், திறக்கப்படாத ஒரு கோப்பில்.

முதலில், எந்த வகையில் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருந்து, அதன்படி இங்குள்ள பன்னாட்டு உறவு அலுவலகம் மாணவரின் பெயரை அனுப்பி வைப்பது ஒரு வகை. இதில் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இங்குள்ள கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987இல் தொடங்கியது. அதன் இன்றைய வடிவத்தில் இந்திய மாணவர்களுக்கும் இடம் உண்டு. நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும் உண்டு. ஆனால் அதற்கும் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் சொந்தப் பொறுப்பில் போவது இரண்டாவது வகை. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அப்படிப் போகிற ஐரோப்பியர் அல்லாத மாணவர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மூன்றாவது, ஒரு பேராசிரியர் மின்னஞ்சலில் “என் ஆய்வகத்துக்கு வா” என்று அழைப்பது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பேராசிரியரின் கடிதம் சேர்க்கைக் கடிதம் ஆகாது. பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்து படிப்பதற்கு ஒரு விசா, ஆய்வகப் பயிற்சிக்கு வேறொரு விசா. வகை மாறி விண்ணப்பித்தால் நிராகரிப்புதான்.

அடுத்தது நாட்காட்டி. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடியும். கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்புகள் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. நம் கல்லூரிகளில் ஒரு செமஸ்டர் ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பர் தேர்வோடு முடிகிறது. அடுத்தது டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் தேர்வோடு முடிகிறது. ஆக, குளிர்கால செமஸ்டருக்குப் போகிறவர் அங்கே படிப்பது ஒரு செமஸ்டர்தான். இங்கே அது நவம்பர் தேர்வையும் கடிக்கும், அடுத்த செமஸ்டரின் வருகைப் பதிவையும் கடிக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக எழுத்தில் அனுமதி வேண்டும். ஒன்றுக்கு வாங்கிவிட்டு மற்றதை மறந்தவர்கள் நிறைய.

இளநிலை மாணவர்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல். முதல் நான்கு செமஸ்டரில் பகுதி ஒன்றாகத் தமிழ், பகுதி இரண்டாக ஆங்கிலம் என்று தாள்கள் இருக்கின்றன. மியூனிக்கில் எந்தப் பாடத்தை எடுத்தாலும் அது பகுதி ஒன்று தமிழுக்கு ஈடாகாது. அந்தத் தாளைத் திரும்பி வந்து எழுதுவதா, எப்போது, அது அரியர் என்று பதியுமா பதியாதா என்பதை முன்பே கேட்டு வைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் போகலாம் என்றால் அங்கே ஜாம் தேர்வு குறுக்கே நிற்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான அந்தத் தேர்வு பிப்ரவரியில், இந்திய மையங்களில் நடக்கிறது. அந்த மாதம் ஜெர்மனியில் செமஸ்டர் தேர்வுக் காலம். இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும் என்பது விமானச் சீட்டு எடுத்த பிறகு தெரியக் கூடாது. மொழியும் உண்டு: ஜெர்மனியில் இளநிலை அறிவியல் வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கின்றன, ஆங்கில வகுப்புகள் அதிகம் கிடைப்பது முதுநிலையில்.

அதனால் எம்.எஸ்சி. நான்காம் செமஸ்டர்தான் பலருக்கும் வசதியான காலம். அது புராஜெக்ட் செமஸ்டர். தாளுக்குத் தாள் ஈடு தேட வேண்டியதில்லை. வெளிநாட்டு ஆய்வகத்தில் செய்த வேலையை இங்கே புராஜெக்டாக ஏற்கலாம் என்று ஒரு ஒப்புதலும், அங்கிருப்பவரை இணை வழிகாட்டியாக ஏற்கும் ஒரு கடிதமும், வாய்மொழித் தேர்வு நாள் பற்றிய ஒரு முடிவும் இருந்தால் போதும். இவ்வளவு நேரான வழி இருக்கும்போது, கஷ்டமான செமஸ்டரைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பாடங்களைப் படிக்கத்தான் போகிறோம் என்றால், இனி வருவதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஈடு வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? வகுப்பு ஆசிரியரிடம் இல்லை. துறைத் தலைவரிடமும் இல்லை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு பரிந்துரைத்து, கல்விக் குழு ஒப்புதல் தர வேண்டும். இணைவு பெற்ற சாதாரணக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில். கல்லூரி முதல்வர் எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு படம் எடுத்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டிருந்தாலும், பல்கலைக்கழகப் பதிவாளர் வழியாக உத்தரவு வராமல் மதிப்பெண் பட்டியல் மாறாது. கல்விக் குழு மாதாமாதம் கூடுவதில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அதற்கு முந்திய பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அக்டோபரில் கிளம்ப வேண்டியவர் பிப்ரவரி, மார்ச்சிலேயே இதைத் தொடங்கினால்தான் நேரம் கிடைக்கும்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க அட்டவணை வைக்க வேண்டும். இடது பக்கம் இங்குள்ள தாளின் குறியீடு, பெயர், கிரெடிட். வலது பக்கம் அங்குள்ள பாடத்தின் குறியீடு, பெயர், கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். பின்னிணைப்பாக அங்குள்ள பாட விவரக் கையேட்டின் அந்தந்தப் பக்கம். எராஸ்மஸில் இதையே கற்றல் ஒப்பந்தம் என்று வைத்திருக்கிறார்கள். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திட வேண்டும். மற்ற வழிகளில் போகிறவர்களும் அந்தப் படிவத்தின் மாதிரியைப் பின்பற்றலாம். அங்கே போன பிறகு ஒரு வகுப்பில் இடம் இல்லை, வேறு பாடம் எடுக்க நேர்ந்தது என்றால் அன்றைக்கே திருத்திய அட்டவணையை அனுப்பி மறுபடியும் ஒப்புதல் வாங்க வேண்டும். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விடவே கூடாது.

கிரெடிட் கணக்கை எழுத்தர் போட்டுக்கொள்வார் என்று நம்பிவிட வேண்டாம். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதில் வீட்டில் உட்கார்ந்து படிப்பதும் சேரும். இங்கே யு.ஜி.சி. வழக்கப்படி 15 மணி நேர வகுப்புக்கு, அல்லது 30 மணி நேர ஆய்வகத்துக்கு ஒரு கிரெடிட். அங்கே 5 கிரெடிட் உள்ள ஒரு பாடத்தை உழைப்பு மணியால் அளந்தால் இங்கே நான்கு, ஐந்து கிரெடிட் வரும். வகுப்பு மணியால் மட்டும் அளந்தால் மூன்றரைதான் தேறும். எந்தக் கணக்கு என்பது ஒப்புதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவில் அரைக் கிரெடிட் குறைந்து பட்டமே நிற்கும்.

மதிப்பெண் விஷயம் அதைவிட மோசம். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி; 5.0 தோல்வி. நம்மூரில் பத்துக்கு எத்தனை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முதல் தரமான 1.3 என்பது பத்துக்கு ஒன்றேகால். கணினியில் அப்படியே ஏற்றிவிட்டால் நல்ல மாணவர் தோற்றுப்போவார். அதனால் மாற்று அட்டவணை ஒன்றைக் கன்ட்ரோலர் அலுவலகம் ஏற்றுக்கொண்டதாக முன்பே எழுதி வாங்க வேண்டும். இங்கே அகமதிப்பீட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று இரண்டாகப் பிரித்துத்தான் கணினி கேட்கும். அங்கிருந்து வருவது ஒரே எண். அதை எப்படிப் பிரிப்பது என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

அறிவியல் மாணவருக்கே உரிய சிக்கல் ஆய்வகம். ஜெர்மனியில் வேதியியல் ஆய்வகத்தில் முதல் நாள் பாதுகாப்பு விளக்க வகுப்புக்கு வராதவருக்கு அந்த செமஸ்டர் முழுக்க இடம் இல்லாமல் போகலாம். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் சிறிய வாய்மொழித் தேர்வு உண்டு; அதில் தடுமாறினால் அன்றைக்குக் கருவியைத் தொட முடியாது. முடிந்த பிறகு விரிவான அறிக்கை எழுதிக் கொடுத்து, திருத்தத்தோடு திரும்பி வந்தால் மறுபடி எழுத வேண்டும். இத்தனையும் செய்தவருக்குப் பல இடங்களில் கிடைப்பது மதிப்பெண் அல்ல, ‘தேர்ச்சி’ என்ற ஒரு சொல்தான். இங்கேயோ செய்முறைத் தேர்வுக்கு நூற்றுக்கு எத்தனை என்று ஒரு எண் இல்லாமல் பட்டியல் அச்சாகாது. கையெழுத்திட்ட ரெக்கார்டு நோட்டும் கேட்பார்கள். வழி இரண்டு. அங்குள்ள ஆய்வகப் பொறுப்பாளரிடம் எத்தனை சோதனை, எத்தனை மணி நேரம், செயல்பாடு எப்படி என்று முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கலாம். அல்லது செய்முறைத் தாளுக்குத் தேர்ச்சி என்று மட்டும் பதிய ஒப்புதல் வாங்கலாம். இரண்டாவதைக் கிளம்பும் முன்தான் வாங்க முடியும். சோதனை அறிக்கைகளை அங்கேயே போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுவிடாமல் எடுத்து வர வேண்டும்.

எந்த விண்ணப்பத்தையும் யார் கையிலும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பதிவு எண்ணும் வாங்க வேண்டும். “சார் மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள்” என்று சொல்வார்கள், வைக்க வேண்டாம். மேஜையில் வைத்த காகிதத்துக்குப் பிறகு யாரும் பொறுப்பில்லை. பதிவு எண் உள்ள காகிதத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அலுவலர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. ஆனால் மாணவரின் ஒரு வருடம் தன் மேஜையில் கிடக்கிறது என்ற உணர்வு பலருக்கு இல்லை.

டி.சி. வாங்கக் கூடாது. இது தெரியாமல், “வெளிநாடு போறியா, அப்ப டி.சி. வாங்கிக்கோ” என்று எழுத்தரே சொல்லும் கல்லூரிகள் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வாங்கிய நொடியில் அவர் அந்தக் கல்லூரி மாணவர் அல்ல. வாங்க வேண்டியவை போனஃபைட் சான்றிதழ், தடையில்லாச் சான்று, ஈடு ஒப்புதல் கடிதம், வருகைப் பதிவு விலக்கு உத்தரவு, அதுவரைக்குமான மதிப்பெண் பட்டியல்கள். ‘படிப்பு இடைநிறுத்தம்’ என்று எழுதப்பட்ட எந்தப் படிவத்திலும் அவசரத்தில் கையெழுத்திடவும் கூடாது. திரும்பி வரும்போது அது அடுத்த வருட மாணவர்களோடு உட்கார வைத்துவிடும். இங்குள்ள செமஸ்டர் கட்டணம், தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டுமா என்பதையும் எழுத்திலேயே கேட்டு, கட்டச் சொன்னால் கட்டி ரசீதை வைத்திருக்க வேண்டும். மறுபடியும் சொல்லலாம்: டி.சி. வேண்டாம்.

இதோடு ஒப்பிட்டால் விசாவும் பணமும் எளிது. விதிகள் அச்சில் இருக்கின்றன. சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் தன் வகைக்கு எதிரே இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயமாயிற்று; முழுப் பட்டப்படிப்புக்குப் போகிற நண்பருடைய அனுபவத்தை வைத்து, ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்கும் அதே காகிதங்கள்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். செலவுக்கான ஆதாரமாக, மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று வரம்புள்ள முடக்கக் கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. தங்கும் மாதங்களுக்கு அதைப் பெருக்கிக்கொண்டு, விண்ணப்பிக்கும் நாளில் அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கிருந்து அனுப்பும் தொகை பெற்றோரின் பெயரில் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் வங்கி வரி பிடிக்காது.

விசா மறுக்கப்பட்டால் ‘மேல்முறையீட்டுக் கடிதம்’ எழுதித் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் அந்த வழியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் நிறுத்திவிட்டது. இப்போது இருப்பவை, குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. ஒரு செமஸ்டருக்குப் போகிறவருக்கு முதலாவதுதான் நடைமுறை.

கன்சல்டன்சிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் பலர் நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அவர்களை அனுப்பிய முகவர் கொடுத்த சேர்க்கைக் கடிதமே போலி. படித்து முடித்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் அது பலருக்குத் தெரிந்தது. அதன் பிறகு, அதே ஆண்டு டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே நேரடியாகச் சரிபார்க்கக் கனடா விதி கொண்டுவந்தது. மாணவரும் அதையே செய்யலாம்: கடிதம் வந்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்துக்கு, முகவர் தந்த முகவரிக்கு அல்லாமல் பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள முகவரிக்கு, இரண்டு வரி எழுதிக் கேட்டால் போதும். பரிமாற்றத் திட்டத்துக்கு முகவரே தேவையில்லை. பெயரை அனுப்புவது சொந்தப் பல்கலைக்கழகம். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ரசீதும் வங்கிப் பதிவும் வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். பிறகு தங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். முகவர் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். போலிக் கடிதம் என்றால் மாவட்டக் குற்றப்பிரிவில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். நுகர்வோர் வழக்கு அதற்கு மாற்று ஆகாது.

ஜெர்மனியில் இறங்கியதும் வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதத்தோடு இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். தபால் பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டும். ஒட்டாத பெட்டியில் கடிதம் போடமாட்டார்கள், வங்கியும் குடியேற்ற அலுவலகமும் எழுதும் கடிதங்கள் எல்லாம் திரும்பிப் போகும். மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வரும் கடிதம் மோசடி அல்ல. வீட்டுக்கு ஒருவர் கட்ட வேண்டியது, அறைத் தோழர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாக இணையத்தில் பதிய வேண்டும். வகுப்புக்குத் தவறாமல் போனவரானாலும் பதியும் கடைசி நாளைத் தவறவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஹால் டிக்கெட் தானாக வரும் என்று காத்திருந்து இந்த இடத்தில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் தளத்தில் மாணவராகப் பதிந்து வைப்பதும் நல்லது. பெர்லின் தூதரகமோ பிராங்க்பர்ட், மியூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களோ தேடும்போது கண்டுபிடிக்க அது உதவும்.

திரும்பும் முன் மதிப்பெண் அறிக்கையை எங்கே, யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று அங்குள்ள அலுவலகத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும். கல்லூரிக்கு நேராக ஒன்று, மாணவர் கையில் ஒன்று. முடக்கக் கணக்கில் மிச்சம் இருந்தால் அதை மூடும் வழியையும் அங்கிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஊருக்கு வந்த பிறகு அது மாதக்கணக்கில் இழுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கல்லூரி ஈடு தர மறுத்தால் கெஞ்ச வேண்டியதில்லை. யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அங்கே எழுத்தில் புகார் கொடுத்தால் 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அவர் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல்வர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாரே என்று காத்திருந்து கெடு போய்விடும். காத்திருக்கட்டும், முறையீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கட்டும். கோப்பு எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு: இன்ன தேதியிட்ட, இன்ன பதிவு எண் கொண்ட விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும். பதில் வர 30 நாள். வராவிட்டால் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். அந்த மனுவில் எழுத வேண்டிய பதிவு எண், தபால் பிரிவில் முத்திரை குத்தி வாங்கிய நகலில் இருக்கிறது.